பாட்டில் பாம்: விதை போட்டு வளர்க்கும் விதம்

எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் வாசலுக்கு இரண்டு புறமும் ஒரு குண்டு மரம் நிற்கும், பார்த்திருப்பீர்கள். அடி குடம்போல உப்பியிருக்கும், மேலே போகப் போகச் சட்டென்று கழுத்து சிறுத்துவிடும், உச்சியில் நாலைந்து மட்டைதான் இருக்கும். பாட்டில் பாம் (bottle palm) என்பார்கள், பனைச் சாதி மரம். முகூர்த்தத்துக்கு முதல் நாள் அதன் கழுத்தில் சீரியல் லைட் சுற்றுவார்கள். மண்டபத்தைக் கழுவுகிறவர் நீட்டமாகத் தொங்கும் மட்டையை அரிவாளால் ஒரு போடு போட்டு எடுத்துவிடுவார்.

நான் உடுமலையிலிருந்து திருமூர்த்தி மலை போகும் வழியில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறேன். பதினெட்டு வருஷம் ஆகிறது. தென்னங்கன்றும் எலுமிச்சையும்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. பாட்டில் பாமை விற்பனைக்காக ஆரம்பித்தேன், இப்போது அதன்மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. விதை கேட்டும், விதை முளைக்கவில்லை என்று வருத்தப்பட்டும் நிறையப் பேர் வருகிறார்கள். அவர்களிடம் துண்டு துண்டாகச் சொன்னதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

விதையைத் தொடுவதற்கு முன்னால் இந்த மரம் எங்கே பிறந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். மொரீசியஸுக்கு வடக்கே, சுமார் 22 கிலோமீட்டர் கடல் தள்ளி, ரவுண்ட் தீவு என்று ஒரு எரிமலைப் பாறை இருக்கிறது. சுமார் 2 சதுர கிலோமீட்டர்தான். பாட்டில் பாம் காட்டு மரமாக வளர்ந்தது அங்கேதான். 19-ஆம் நூற்றாண்டில் அந்தத் தீவில் ஆட்டையும் முயலையும் கொண்டுபோய் விட்டார்கள். ஆடு மேய்க்கிற ஊர்க்காரர்களுக்கு மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை. வேம்பை ஆடு கடித்தால் பக்கத்தில் தழைக்கும். பாம் மரத்துக்கு ஒரே ஒரு குருத்து. அதைக் கடித்தால் மரம் போச்சு. பெரிய மரங்கள் நின்றன, விதையும் விழுந்தது, முளைத்ததை எல்லாம் வாய் வைத்துத் தின்றுவிட்டன. பச்சை போனதும் மழை மண்ணை அரித்துக் கடலில் தள்ளியது. கடைசியில் அந்தத் தீவில் வளர்ந்த பாட்டில் பாம் பத்துக்கும் குறைவாக நின்றது. 1979-இல் ஆடுகளை முழுக்க அகற்றினார்கள், 1986-இல் முயல்களையும் ஒழித்தார்கள். அதற்குப் பிறகுதான் கன்றுகள் தலையெடுத்தன.

இதே காலத்தில் உலகம் முழுக்கத் தோட்டங்களில் பாட்டில் பாம் ஆயிரக்கணக்கில் நின்றுகொண்டிருந்தது. நம் மண்டப வாசலில் நிற்பது அந்தக் கூட்டத்தின் வாரிசு. என் தம்பி திருப்பூர்ப் பனியன் வேலையாக மொரீசியஸ் போய்வந்தபோது அந்த ஊர் ரூபாய் நோட்டு ஒன்று கொண்டுவந்தான். அதில் தமிழிலும் ரூபாய் என்று அச்சடித்திருக்கிறது. நம் ஜனங்கள் கப்பலேறிப் போன ஊர். அங்கிருந்து வந்த மரம் நம் ஊரில் நிற்கிறது. அந்த நோட்டைப் பண்ணை ரசீதுப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

தாய் மரம் எது?

எல்லாத் தப்பும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பாட்டில் பாமுக்கு ஒரு பங்காளி இருக்கிறது, ஸ்பிண்டில் பாம். அது மொரீசியஸைச் சேர்ந்த இன்னொரு தீவான ரோட்ரிக்ஸில் பிறந்தது. பாட்டில் பாம் அடியில் பெருத்திருக்கும். ஸ்பிண்டில் அடியில் சற்று ஒல்லியாகத் தொடங்கி நடுவில் பெருத்து மறுபடி ஒடுங்கும், நூல் நூற்கிற கதிர் மாதிரி. தீவுகளில் இரண்டும் சந்தித்ததே இல்லை, நடுவில் அத்தனை கடல். தோட்டங்களில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டோம், தேனீ இரண்டையும் கலந்துவிட்டது. கலப்பு விதையும் நன்றாக முளைக்கும், கன்றும் கொழுகொழுவென்று வளரும். என்ன சாதி என்று தெரிய ஐந்தாறு வருஷம் ஆகும்.

எனக்கே அது நடந்தது. ஒரு கல்லூரி வளாகத்து மரத்திலிருந்து விதை எடுத்து முப்பது கன்று வளர்த்து, பாட்டில் பாம் என்று சொல்லித் தாராபுரம் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கொடுத்தேன். ஆறு வருஷம் கழித்து அந்த வீட்டுக்காரம்மா கூப்பிட்டார். "ஏனுங் அம்மணி, இது குடமாட்டம் வரலீங்களே, நடுவாலதான் ஊதுது." போய்ப் பார்த்தேன். முப்பதில் பதினொன்று கலப்பு. கல்லூரியில் திரும்பப் போய்ப் பார்த்தால் கேண்டீனுக்குப் பின்னால் ஸ்பிண்டில் மூன்று நிற்கிறது. விதை எடுத்த அன்று அந்தப் பக்கம் நான் நடக்கவே இல்லை. பதினொன்றுக்கும் வேறு கன்று கொண்டுபோய் வைத்துக் கொடுத்தேன். ஆறு வருஷ வளர்த்தியைத் திருப்பிக் கொடுக்க முடியாதே, அந்த வெசனம் இன்னும் போகவில்லை.

அன்றிலிருந்து விதை எடுக்கும் முன் மரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிடுவேன். பக்கத்துச் சுவருக்குள்ளும் எட்டிப் பார்ப்பேன். கூப்பிடு தூரத்துக்குள் ஸ்பிண்டில் இருந்தால் அந்த விதை வேண்டாம். ஆசையாக இருந்தால், பாளையைத் துணிப்பை கட்டிக் காத்து, நீங்களே மகரந்தம் தொட்டு வைத்த காயை மட்டும் எடுங்கள். அதைப் பின்னால் சொல்கிறேன்.

காய் பறிப்பது, கழுவுவது

காய் மாதக்கணக்கில் பச்சையாகவே இருக்கும். அவசரப்பட்டுப் பச்சையில் அறுத்த விதை முளைக்காது. ஆரஞ்சு நிறம் தட்டி, பிறகு கறுத்து, விரல் பட்டால் கழன்று வரும்போது எடுக்க வேண்டும். நான் மரத்தடியில் பழைய சேலையை விரித்துவிட்டு, மண்டபத்துக் காவல்காரரிடம் சொல்லிவிட்டு வருவேன். வாரம் ஒருமுறை போனால் சேலையில் பத்துப் பதினைந்து கிடக்கும்.

பழத்தை இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறப் போடுங்கள், தினமும் தண்ணீரை மாற்றுங்கள். தோலும் சதையும் இளகியதும் சாக்குப் பையில் ஒரு பிடி மணலோடு போட்டுக் கல்லில் தேய்த்தால் கொட்டை சுத்தமாக வந்துவிடும். கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள், பாம் வகைப் பழச் சதையில் பல கையை அரிக்கும். சதை ஒட்டியிருந்தால் பூஞ்சணம் வரும், அதனால் இந்த வேலையில் சோம்பல் கூடாது. கழுவிய கொட்டையைத் தண்ணீரில் போட்டு மிதப்பதைத் தனியே வையுங்கள். எறிந்துவிட வேண்டாம், தனிப் பையில் போட்டுப் பார்க்கலாம், ஆனால் நம்பி எண்ண வேண்டாம்.

வெயிலில் காய வைக்காதீர்கள். நிலக்கடலை விதை மாதிரி காய்ச்சிக் கட்டி வைக்கிற சரக்கு இல்லை இது. முதல் வருஷம் தபாலில் விலைக்கு வாங்கிய நூற்றிருபது விதையில் எனக்கு மூன்றுதான் முளைத்தது. எல்லாம் சருகாகக் காய்ந்து வந்தவை. மண்டபத்து மரத்தில் எடுத்து அதே வாரத்தில் போட்ட அறுபதில் நாற்பத்தொன்று முளைத்தது. யாருக்காவது அனுப்ப வேண்டுமென்றால் ஈரமான தென்னை நார்க்கழிவில் சுற்றி அனுப்புங்கள்.

முளைக்க வைப்பது

இதற்கு வேண்டியவை மூன்றுதான்: சூடு, ஈரம், பொறுமை. சூடு நம் ஊரில் தாராளம். 30-லிருந்து 35 டிகிரி இருந்தால் விதைக்குச் சுகம். அதனால் பங்குனி, சித்திரையில் போடுவது நல்லது. ஐப்பசியில் போட்டால் மார்கழிக் குளிரில் விதை தூங்கிவிடும்.

நார்க்கழிவு நமக்குப் பொள்ளாச்சி மில்களில் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். ஆனால் அதில் உப்பு இருக்கும். தொட்டியில் ஊற வைத்து வடித்து, மறுபடி ஊற வைத்து வடித்து, சாயத் தண்ணி வெளுக்கும் வரை மூன்று தரமாவது செய்யுங்கள். கழுவியதைக் கையில் அள்ளிப் பிழிந்தால் விரல் இடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. அந்தப் பதம்தான். பாதிக்குப் பாதி பெருமணல் அல்லது எம்-சாண்ட் கலந்துகொள்ளுங்கள்.

கொட்டையைப் படுக்க வைத்து, அது மறையும் அளவுக்கு மட்டும் மூடினால் போதும். ஆழமாகப் புதைக்காதீர்கள். கொஞ்சம் விதைதான் என்றால் பூட்டு வைத்த பாலிதீன் பையில் போட்டு மோட்டார் ரூமில் தாழ்ந்த அலமாரியில் வைத்துவிடுவேன். தகரத்துக்கு அடியிலேயே வைத்தால் விதை வெந்துவிடும். பத்து நாளுக்கு ஒருமுறை திறந்து காற்று காட்டி, பூஞ்சணம் பூத்த கொட்டையை எடுத்துவிட வேண்டும். பையின்மேல் எழுதுங்கள்: தாய் மரம் எது, எடுத்த தேதி, போட்ட தேதி. இதை எழுதாத பை என் பண்ணையில் இல்லை.

சிலது மூன்று மாதத்தில் முளைக்கும். சிலது ஆறு, ஏழு மாதம். ஒரு வருஷம் தாண்டி முளைத்ததும் உண்டு. எங்கள் பண்ணைக்கு வேலைக்கு வரும் அக்கா ஒரு தரம் பழைய பையைக் குப்பையில் கொட்டிவிட்டார். பதினான்கு மாதப் பை அது. ஆடி மழைக்கு எருக்குழி ஓரத்தில் ஆறு கன்று நின்றது. "கண்ணு, இங்க வந்து பாரு, நாம கைகழுவுனது முளைச்சு நிக்குது" என்று அவர்தான் கூட்டிப்போய்க் காட்டினார். கொட்டையை நகத்தால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருக்கும்வரை உயிர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

சுடுதண்ணீரில் ஊற வைக்கச் சொல்வார்கள், கொட்டையை உடைக்கச் சொல்வார்கள். இரண்டையும் செய்து பார்த்து விதையை இழந்திருக்கிறேன். வேண்டாம்.

முளை எடுத்து நடுவது

முளை கொட்டைக்கு ஒட்டியபடியே கிளம்பும். முதலில் வெள்ளையாக ஒரு கொம்பு, அதன் அடியில் வேர். முளைத்த கொட்டை ஒன்று அழுகிப்போனது என்று ஒருநாள் பிளந்து பார்த்தேன். உள்ளே, முளைத்த தேங்காய்க்குள் பந்தாக இருக்குமே அந்தத் தேங்காய்ப்பூவேதான், மிளகு அளவுக்கு. பனங்கொட்டையில் தவுண் இருக்குமே, அதே வேலை. கன்று சொந்தமாக இலை விட்டு நிமிரும்வரை அந்தச் சின்னப் பூ உள்ளிருக்கும் பருப்பை உறிஞ்சிக் கன்றுக்கு ஊட்டுகிறது. அதனால் நடும்போது கொட்டையைக் கிள்ளி எறியாதீர்கள். அது தானாக உதிரும்வரை கூடவே இருக்கட்டும்.

முளை ஒரு அங்குலம் வந்ததும் பைக்கு மாற்றிவிடலாம். வேர் முறுக்கு மாதிரி ஒடியும். கையால் பிடுங்காமல் ஸ்பூனால் அள்ளி எடுங்கள். ஆழமான பை வேண்டும், ஆறுக்குப் பத்து அங்குலப் பை சரியாக இருக்கும். மண் கலவை எனக்குப் பழகியது: செம்மண் இரண்டு பங்கு, கழுவிய நார்க்கழிவு, எம்-சாண்ட், நன்றாக மக்கிய ஆட்டெரு ஒவ்வொரு பங்கு. எரு மக்காமல் இருந்தால் காண்டாமிருக வண்டின் புழு அதிலேயே இருக்கும். சலித்துப் பார்க்காமல் கலக்காதீர்கள்.

முதல் இலை இரண்டாகப் பிளந்து மீன் வால் மாதிரி வரும். பிறகு வரும் இலைகள் மெல்லக் கீற்றாகப் பிரியும். இளங்கன்றின் காம்பில் லேசாகச் செம்மை ஓடும். அந்தச் சிவப்பைப் பார்த்துச் சீக்கு என்று மருந்து அடித்தவர்கள் உண்டு. அது அதன் பிறவி நிறம்.

முதல் வருஷம் பாதி நிழல் வேண்டும், ஐம்பது சதவீத நிழல்வலை போதும். உடுமலைக்காரர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, காற்றாலையைச் சுற்றுகிற காற்று, கன்றின் குருத்தை உலர்த்திவிடும். மேற்குப் பக்கம் வலையைத் தரை வரைக்கும் இறக்கிக் கட்டுங்கள்.

பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் நம் மண்டலத்துக்குத் தண்ணீர் வராத வருஷத்தில் போர் தண்ணிதான் ஊற்ற வேண்டியிருக்கும். கடலோரப் பாறையில் பிறந்த செடி, கொஞ்சம் உப்பைத் தாங்கும். ஆனால் பைக்குள் உப்பு சேர்ந்துகொண்டே போனால் இலை நுனி கருகும். வாய்க்கால் தண்ணி வந்தவுடன் ஒவ்வொரு பையையும் அடிவழியாக வடியும்வரை நன்றாக ஊற்றிக் கழுவிவிடுங்கள். மழை பெய்தால் இன்னும் நல்லது.

மட்டையை வெட்டாதீர்கள்

இதை எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அலுக்காது. தென்னையில் முப்பது மட்டை இருக்கும், இரண்டு போனால் மரத்துக்குத் தெரியாது. பாட்டில் பாமில் மொத்தமே நாலு, ஐந்து, ஆறு. மண்டபத்தில் ஒன்றை வெட்டினால் அதன் சாப்பாட்டில் ஐந்தில் ஒரு பங்கைப் பறித்த கணக்கு. வருஷம் பூரா முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வெட்டினால் கழுத்து பென்சில் மாதிரி ஒடுங்கி, அதற்குமேல் வளரும் தண்டும் சிறுத்துப்போகும். ஒடுங்கிய கழுத்து பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் பெருக்காது, அந்த மரத்தின் உடம்பில் அது நிரந்தரத் தழும்பு.

அடி மட்டையில் ஆரஞ்சுப் புள்ளி புள்ளியாக விழுந்து நுனி காய்ந்தால் அது பெரும்பாலும் சாம்பல் சத்துக் குறை, அதாவது பொட்டாசியம் பற்றாக்குறை. மரம் பழைய மட்டையிலிருந்து சத்தை எடுத்துக் குருத்துக்கு அனுப்புகிறது. அசிங்கமாக இருக்கிறது என்று அந்த மட்டையை வெட்டினால், மரம் அடுத்த மட்டையிலிருந்து எடுக்கும். பொட்டாசியம் சல்பேட்டும் மக்னீசியம் சல்பேட்டும் கொஞ்சம் கொஞ்சமாக, வருஷத்துக்கு மூன்று நாலு தடவையாகப் பிரித்து வையுங்கள். முழுக்கக் காய்ந்த மட்டை தன் உறையோடு தானாகக் கழன்று விழும். சுக்கான்கல் நிலத்தில் குருத்து வெளுத்தோ சுருண்டோ வந்தால் அது வேறு, அங்கே இரும்பும் மாங்கனீசும் எட்டவில்லை. குழி எடுக்கும்போதே சுண்ணாம்புக் கல்லைப் பொறுக்கி எறிந்து, செம்மண்ணும் எருவும் நிரப்பி நடுவதுதான் அதற்கு வழி.

2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தெரிந்த சுருள் வெள்ளை ஈ தென்னையோடு நிற்கவில்லை, என் பாட்டில் பாம்களிலும் ஏறியது. இலைக்கடியில் மாவு தூவின மாதிரி வளையம் வளையமாக இருக்கும், மேல் பக்கம் கரிப் பூஞ்சணம். தென்னையில் எட்டாது, இதில் எட்டும். ஈரத் துணியால் இலைக்கடியைத் துடைத்துவிடுங்கள், நாலு மட்டைக்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது. கரி படிந்திருந்தால் லிட்டருக்கு 25 கிராம் மைதா காய்ச்சிய பசைக் கரைசல் தெளித்தால் காய்ந்து பொருக்காக உதிர்ந்துவிடும். கடும் பூச்சிமருந்து அடித்தால் அந்த ஈயைத் தின்கிற என்கார்சியா குளவியும் சேர்ந்து சாகும், பிறகு ஈதான் மிஞ்சும்.

நிலத்தில் நடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு மூன்று வருஷக் கன்று, இரண்டடிக் குழி, தண்ணீர் தேங்காத இடம், முழு வெயில். கரிசல் நிலமென்றால் மேட்டுப்பாத்தி. பையில் இருந்த அதே மட்டத்துக்கு நடுங்கள், உப்பிய அடியை மண்ணுக்குள் புதைத்தால் அழுகும். ஆட்டுக்கு எட்டாத வேலி வேண்டும். ரவுண்ட் தீவில் நடந்தது உங்கள் தோட்டத்திலும் ஒரு சாயங்காலத்துக்குள் நடந்துவிடும்.

மகரந்தம் தொட்டு வைப்பது

இதுதான் எனக்கு இருப்பதிலேயே பிடித்த வேலை. மட்டை உறையோடு கழன்று விழுந்த இடத்தில், பச்சைக் கழுத்துக்குக் கீழே, பாளை கொம்பாக நிமிர்ந்து நிற்கும். ஒரு சமயம் நாலைந்து சுற்றிலும் நிற்கும்போது காங்கேயம் காளையின் கொம்புதான் எனக்கு நினைவு வரும். உறைகள் ஒவ்வொன்றாக விழுந்து பாளை விரியும். அதில் ஒரு கிளையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பூக்கள் தனித்தனியாக இல்லை, சின்ன வரிசை வரிசையாக ஒட்டியிருக்கும். ஒவ்வொரு வரிசையிலும் அடியில் இருக்கும் பூ ஒன்று பெண், அதற்குமேல் இருப்பவை எல்லாம் ஆண். ஆண் பூக்கள் மேலிருந்து ஒவ்வொன்றாக விரிந்து உதிரும். தேனீ மொய்க்கும். எல்லா ஆணும் உதிர்ந்து முடிந்த பிறகுதான் அடியில் இருக்கும் பெண் பூ வாய் திறக்கும்.

அப்போது மகரந்தத்துக்கு எங்கே போவது? பக்கத்தில் இன்னொரு மரமோ, அதே மரத்தில் பிந்தி வந்த இன்னொரு பாளையோ இருந்தால் தேனீ கொண்டுவரும். இல்லாவிட்டால் பெண் பூ காத்திருந்து உதிரும். மொரீசியஸில் கியூர்பீப் என்ற ஊரின் தாவரவியல் தோட்டத்தில் இதே குடும்பத்துப் பாம் ஒன்று நிற்கிறது, ஹயோஃபோர்பே அமாரிகாலிஸ் என்று பெயர். அந்த இனத்தில் உலகத்திலேயே அது ஒன்றுதான் மிச்சம். அதுவும் இப்படித்தான் பூக்கிறது. ஆண் பூ முதலில், பெண் பூ பிறகு. மகரந்தம் தர இன்னொரு மரம் உலகத்தில் எங்கும் இல்லை. காலையில் பிரஷ்ஷைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த மரம் என் நினைவுக்கு வரும்.

செய்யும் முறை இதுதான். ஆண் பூ விரிந்த காலை ஏழு, எட்டு மணிக்குக் கிளையின் கீழே காகிதத்தைப் பிடித்து மெல்லத் தட்டுங்கள். மஞ்சள் பொடி விழும். நிழலில் ஒருநாள் உலர்த்தி, பொட்டலம் மடித்து, தேதியும் மரத்தின் எண்ணும் எழுதி, அரிசி போட்ட சின்ன டப்பாவில் வைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். பாளை விரியும் முன்பே மெல்லிய துணிப்பையைச் சுற்றிக் கட்டியிருக்க வேண்டும், அப்போதுதான் வெளி மகரந்தம் வராது. பெண் பூ திறந்து நுனி பளபளவென்று ஈரமாகத் தெரியும் நாளில் பையை அவிழ்த்து, குழந்தைகள் படம் வரைகிற பிரஷ்ஷால் பொடியைத் தொட்டு வையுங்கள். மூன்று நாள் தொடர்ந்து வையுங்கள், எல்லாப் பெண் பூவும் ஒரே நாளில் திறக்காது. மறுபடி பையைக் கட்டிப் பத்து நாள் விட்டுவிடுங்கள். வேறு வேறு இடத்து மரத்தின் மகரந்தமாக இருந்தால் நல்லது. நான் மண்டபத்து மரத்துக்கு மடத்துக்குளத்தில் ஒரு வீட்டு மரத்திலிருந்து கொண்டுவருவேன்.

இப்படி வந்த கன்று ரவுண்ட் தீவுக்குத் திரும்பப் போகப் போவதில்லை. அந்தத் தீவை அங்கேயே விழுந்த விதையை வைத்து மொரீசியஸ்காரர்கள் மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். நம் மரங்கள் எந்த வழியாக இங்கே வந்தன என்ற கணக்கு யாரிடமும் இல்லை, அந்தக் கணக்கு இல்லாத விதையை அங்கே விதைப்பதும் சரியில்லை. ஆனால் நம் வாசலில் நிற்பதையாவது கலப்படமாக்காமல், பெயர் மறக்காமல், ஒரு தலைமுறைக்குக் கொடுத்துவிட முடியும். ரசீதில் நான் மரத்தின் பெயரையும் தாய் மரத்தின் எண்ணையும் ரவுண்ட் தீவு என்ற ஊர்ப் பெயரையும் எழுதித்தான் கொடுக்கிறேன். வாங்குகிறவர்கள் முதலில் விசித்திரமாகப் பார்ப்பார்கள், பிறகு கேட்பார்கள், நான் சொல்வேன்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்கு, கோயில் நந்தவனத்துக்கு, மண்டபத்துக்கு வையுங்கள். ஆனைமலை அடிவாரத்து ஓடைக்கரையிலோ காட்டு ஓரத்திலோ வைக்காதீர்கள். பசுமையாக்குகிறோம் என்று சில இளைஞர்கள் ஐம்பது கன்று கேட்டு வந்தார்கள், நான் கொடுக்கவில்லை. மொரீசியஸ் காடுகளில் வெளியூரிலிருந்து வந்த சீனக் கொய்யா புதராக மண்டி அந்த ஊர் மரங்களின் கன்றுகளை மூச்சுமுட்ட வைக்கிறது. நம் மலையில் உண்ணிச்செடி செய்வதை நாம் தினமும் பார்க்கிறோம். அந்த இளைஞர்களுக்குப் பூவரசும் நாவலும் நீர்மருதும் ஐம்பது கன்று எடுத்துக் கொடுத்தேன். ஓடைக்கரையில் அவைதான் நிற்க வேண்டும்.

விதையிலிருந்து பூக்க எத்தனை வருஷம் என்று கேட்பீர்கள். என் முதல் மரம் பன்னிரண்டாம் வருஷம் பாளை விட்டது. இந்தச் சித்திரையில் போட்ட பைகள் மோட்டார் ரூமில் இருக்கின்றன, முப்பத்தெட்டு கொட்டை, இரண்டாம் எண் மரம், மடத்துக்குளத்து மகரந்தம். நேற்றுப் பொழுதோடு திறந்து பார்த்தபோது ஒன்றில் மட்டும் கொம்பு கிளம்பியிருக்கிறது. அதைத் தொடாமல் ஈரம் பார்த்து மூடி வைத்திருக்கிறேன். இன்னும் பதினைந்து நாள் கழித்து ஸ்பூனால் அள்ளிப் பைக்கு மாற்ற வேண்டும்.